ஏழாம் நம்பரும் பன்னிரண்டாம் நம்பரும்

1. மடுவத்தில் முதல் நாள்

இருபத்தெட்டு வருடம் நான் செய்த வேலை, மற்றவர்களின் மலத்தைப் பரிசோதிப்பது. பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளராக இருந்தேன். காலையில் சின்னச் சின்ன டப்பாக்கள் வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துளி எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பேன். கொக்கிப்புழு முட்டை இருக்கிறதா, அமீபா இருக்கிறதா, இரத்த அணு இருக்கிறதா என்று எழுதி அனுப்புவேன். வயிற்றுக்குள் இருக்கும் சின்ன உயிர் எதுவும் என்னைப் பொறுத்தவரை எதிரிதான்.

ஓய்வு பெற்று வீட்டில் ஒரு வருடம் இருந்தேன். அப்போதுதான் டொக்டர் பஸீலா கூப்பிட்டார். பண்டாரவளைக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர், பல்கலைக்கழகத்தில் வேலை. ஸ்ட்ரோபெரி போன்ற பெரிப் பழங்களைச் சாப்பிட்டால் குடலில் இருக்கும் பக்டீரியா எப்படி மாறுகிறது என்று பார்க்கப் போவதாகச் சொன்னார். தெமோதரைக்கும் ஹாலிஎலவுக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண்கள் இருபத்து நான்கு பேர். தினம் ஒரு கப் ஸ்ட்ரோபெரி. ஆரம்பத்தில் ஒரு சாம்பிள், நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று. சாம்பிள் வேலைக்கு அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்றார்.

எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது. பக்டீரியாவுக்குப் பழம் கொடுக்கவா என்று கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். பெரிப் பழத்தின் சிவப்புக்கும் துவர்ப்புக்கும் காரணமான பொருட்களில் பெரும்பகுதியை நம் சிறுகுடல் உறிஞ்சுவதில்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்கே இருக்கும் பக்டீரியா அவற்றை உடைத்துச் சின்னச் சின்னப் பொருட்களாக்குகின்றன. அவை இரத்தத்தில் கலந்து, உடம்பின் உள்வீக்கத்தைக் குறைக்குமா, சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, உதவுமா என்று உலகம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

“நீங்க இவ்வளவு நாளா அங்க திருடனைத் தேடினீங்க அக்கா. அந்த ஊர்ல நல்லபடியா வேலை செஞ்சு பொழைக்கிறவங்களும் கோடிக்கணக்குல இருக்காங்க. இனி அவங்களைப் பாருங்க” என்றார்.

அதற்கு மேல் மறுக்கத் தோன்றவில்லை.

முதல் நாள் கொழுந்து மடுவத்தில் கூட்டம். மடுவம் என்றால் கொழுந்து நிறுக்கும் கொட்டகை. நான் மூடி போட்ட வெள்ளை டப்பாக்களை மேசையில் அடுக்கி, சம்மதப் படிவத்தை வாசித்து, எதை, எவ்வளவு, எப்படி எடுக்க வேண்டும் என்று சொன்னேன். இருபத்து நான்கு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வராவிட்டால் டொக்டரின் ஒரு வருட ஏற்பாடு வீண்.

முன்வரிசையில் பாக்கியம் என்று ஒரு பெண் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். அந்தக் கூட்டத்தில் அவர் சொல்வதுதான் மற்றவர்களுக்குக் கணக்கு என்பது பார்த்தவுடன் தெரிந்தது. அவர் எழுந்து வந்து ஒரு டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, உள்ளே பார்த்தார்.

“மிஸ், இத்தனை வருஷமா இந்த மடுவத்துல எங்ககிட்ட கொழுந்துதான் கேட்டாங்க. இதையும் ஒருத்தங்க கேட்டு வருவாங்கன்னு நெனைக்கவே இல்ல” என்றார்.

அவ்வளவுதான். கொட்டகையே குலுங்கியது. சிரித்து முடித்தபோது எல்லோர் கையிலும் ஒவ்வொரு டப்பா இருந்தது. பாக்கியத்துக்கு ஏழாம் நம்பர். அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்ற தனலெட்சுமிக்குப் பன்னிரண்டாம் நம்பர். தனம் என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சுக் குறைவு. கையெழுத்து மட்டும் அச்சுப் போல இருந்தது.

2. உப்பும் மிளகாய்த்தூளும்

பழம் வெலிமடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தது. காலையில் பெரட்டுக் கூடும் இடத்திலேயே கப்களில் போட்டுக் கொடுப்பேன். மலையில் எந்தப் பக்கம் யாருக்கு வேலை என்று ஆள் பிரித்து அனுப்பும் நேரம் அது. சாப்பிட்டு முடித்து, கப்பைத் திருப்பிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக வேண்டும்.

அந்தப் பெண்களில் பாதிப்பேர் அதுவரை ஸ்ட்ரோபெரி சாப்பிட்டதே இல்லை. இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் விளையும் பழம். நுவரெலியாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களும் தோட்டத்துத் துரை வீட்டுக்காரர்களும் சாப்பிடுவது என்றுதான் நினைத்திருந்தார்கள். முதல் பழத்தைக் கடித்ததும் ஒரே நேரத்தில் இருபத்து நான்கு முகங்கள் சுருங்கின. படத்தில் பார்க்கிற அழகுக்கு இந்தப் புளிப்பு எதிர்பார்க்கவில்லை என்றார்கள்.

மூன்றாம் நாள் ஒரு கப்பில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். மிளகாய்த்தூள். விசாரித்தால், எல்லோரும் சேலைத் தலைப்பில் உப்பும் தூளும் முடிந்து கொண்டுவருகிறார்கள். பச்சை மாங்காய்க்கும் நெல்லிக்கும் செய்வது போல ஸ்ட்ரோபெரியைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் திடுக்கிட்டுப் போனேன். ஆய்வில் பழத்தோடு வேறு எதுவும் சேரக் கூடாது. டொக்டருக்கு உடனே போன் போட்டேன்.

அவர் இரண்டு மூன்று முறை இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று பிறகுதான் புரிந்தது. தடுத்தால் ஒளித்துச் சாப்பிடுவார்கள், அதனால் எல்லோருக்கும் ஒரே அளவு உப்பும் ஒரே அளவு தூளும் நாமே கொடுத்து அதையும் எழுதிவிடலாம் என்றார். மறுநாளிலிருந்து நான் தேக்கரண்டியோடு நின்றேன். வேலை தொடங்கிய பிறகு நான் கற்ற முதல் விஷயம் அது. மனிதர்கள் எப்படிச் சாப்பிடுவார்களோ அப்படித்தான் சாப்பிடுவார்கள். அதற்கேற்ப நம் குறிப்புக் கொப்பியைத்தான் திருத்த வேண்டும்.

இரண்டாம் வாரத்தில் கப் காலியாகத் திரும்பி வந்தது. மூன்றாம் வாரத்தில் இன்னொன்று கிடைக்குமா என்று கேட்டார்கள். பழம் தீர்ந்தபின் கப்பின் அடியில் தங்கும் சிவப்புச் சாற்றை விரலால் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, சிவந்த நாக்கை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள். அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் எனக்கு முகம் மலரும்.

3. ஒரே சாம்பிள் இரண்டு டப்பாவில்

நடுவில் எடுத்த சாம்பிள்களிலிருந்து டி.என்.ஏ. பிரித்து வெளியே ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். யார் குடலில் எந்த பக்டீரியா எவ்வளவு என்று அங்கிருந்து பட்டியல் வரும். வந்த அன்று டொக்டர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் இருபத்து நான்கு புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண். ஆள் ஆளுக்கு முகம் வேறு மாதிரி, குடலில் குடியிருக்கும் கூட்டமும் வேறு மாதிரி. ஒரே சட்டியில் சாப்பிடும் தாய்க்கும் மகளுக்கும்கூட ஒன்றாக இருக்காது. புள்ளிகள் தள்ளித் தள்ளித்தான் இருக்க வேண்டும்.

இரண்டு புள்ளிகள் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தன. ஏழு, பன்னிரண்டு.

டொக்டர் குரலை உயர்த்தவில்லை. பிழை எங்கே நடந்திருக்கலாம் என்று மட்டும் கேட்டார். ஆனால் கேள்வி எனக்குத்தான் என்று தெரியும். ஒரே டப்பாவிலிருந்து இரண்டு டியூபுக்கு எடுத்துவிட்டால் இப்படித்தான் வரும். அதை எடுத்தது நான்.

இருபத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூட ஒருவரின் சாம்பிளை இன்னொருவரின் பெயரில் எழுதியதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியவில்லை. வயதாகிவிட்டதோ, கண் பிசகிவிட்டதோ என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மறுநாள் போய்க் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். ஃப்ரீஸரில் மிச்சமிருந்த ஏழையும் பன்னிரண்டையும் எடுத்து, புதிதாக டி.என்.ஏ. பிரித்து, திரும்ப அனுப்பினேன். பதில் வரும்வரை இரண்டு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

பதில் வந்தது. மறுபடியும் ஒன்றின்மேல் ஒன்று. அப்படியென்றால் டியூபில் பிழை இல்லை. டப்பாவிலேயே ஒரே ஆளின் சாம்பிள் இருந்திருக்கிறது.

முதலில் நிம்மதி. அடுத்த நிமிடமே கோபம். இவ்வளவு சொல்லிக் கொடுத்தும் ஏமாற்றிவிட்டார்களே என்று. நாளை நானே தோட்டத்துக்குப் போய் விசாரிக்கிறேன் என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “விசாரிக்காதீங்க அக்கா. கூட இருந்து பாருங்க” என்றார்.

4. ஒரு நாள் மலையில்

நான் பதுளை பஜாரில் பிறந்தவள். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. சுற்றிலும் தேயிலை மலை இருந்தும், கொழுந்து எடுக்கும் இடத்துக்கு அறுபத்தொரு வயதுவரை நான் ஏறியதில்லை. அன்று ஏறினேன். கேட்க நினைத்ததை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே, பாக்கியத்துக்கும் தனத்துக்கும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன்.

சரிவில் அவர்கள் இரண்டு கையாலும் கொழுந்தை ஒடித்துத் தலைக்குப் பின்னால் கூடைக்குள் எறிந்துகொண்டு போனார்கள். நான் நிழலில்லாத வரிசையில் தள்ளாடினேன். பத்து மணிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பையிலிருந்து போத்தலை எடுத்து மடமடவென்று பாதி குடித்தேன். நிமிர்ந்தால், சுற்றியிருந்த கைகள் எல்லாம் நின்றுபோயிருந்தன.

பாக்கியம் மெதுவாகக் கேட்டார்.

“குடிச்சிட்டீங்களே மிஸ். இனி எங்க போவீங்க?”

எனக்கு விளங்கவில்லை. சுற்றிப் பார்த்தேன். மேலே தேயிலை. கீழே தேயிலை. தூரத்தில் ரோடு, அதில் லொறி. அவர்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்ப வேண்டுமென்றால் முக்கால் மணி நேரம் இறங்க வேண்டும். அப்போதுதான் கவனித்தேன். அந்த வரிசையில் ஒருவர் கையிலும் தண்ணீர் போத்தல் இல்லை. காலையில் ஒரு கோப்பை தேத்தண்ணீரோடு சரி. மத்தியானம் தொண்டை நனைக்க ஒரு வாய். பொழுது சாய்ந்து வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர். எத்தனையோ வருடமாக அப்படித்தான். காலையில் லயத்துப் பொதுக் கக்கூஸில் வரிசை நீளமாக இருந்தால் அன்றைக்கு அதுவும் இல்லை. அடக்கிக்கொண்டு மலைக்கு வந்துவிடுவார்கள்.

பதினொன்றரைக்கு எனக்கு முட்டிக்கொண்டு வந்தது. முகத்தைப் பார்த்தே பாக்கியம் கண்டுபிடித்துவிட்டார். நான்கு பேரைக் கூப்பிட்டார். இடுப்பில் கட்டும் படங்கை அவிழ்த்தார்கள். தேயிலைச் செடி கிழிக்காமல் இருக்கச் சுற்றிக்கொள்ளும் தடித்த சாக்கு அது. என்னைப் பள்ளத்தில் உட்கார வைத்து, நான்கு பக்கமும் படங்கைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நின்றார்கள். ஒருவர் சத்தமாகப் பாட்டுப் பாடினார், எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று. நடுவில் கணுக்காலில் அட்டை ஏறி நான் அலறியதில் படங்குகள் எல்லாம் சரிந்து, எல்லோரும் சிரித்துச் சிரித்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும்தான்.

அதன்பிறகு ஒத்திகை பார்த்த கேள்வி எதுவும் என் வாயில் வரவில்லை. தனம்தான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கூடையைக் கழற்றி வைத்தாள்.

“மிஸ், நீங்க எதுக்கு வந்தீங்கன்னு தெரியும். ரெண்டாவது தடவை டப்பா குடுத்தீங்கல்ல. எனக்கு அஞ்சு நாளா போகல. குடுக்கலேன்னா பேரை வெட்டிருவீங்கன்னு பயந்தேன்.”

பாக்கியம் குறுக்கே வந்தார்.

“அவ மேல தப்பில்ல மிஸ். அழுதுகிட்டு நின்னா. வெங்காயம் இல்லேன்னா குடுக்கிறோம், உப்பு இல்லேன்னா குடுக்கிறோம். இதுல என்னான்னு என்னோடதுல பாதியை அவ டப்பாவுல போட்டேன்.”

இருபத்தெட்டு வருடத்தில் எத்தனையோ சாம்பிள் பார்த்தவள் நான். அப்படி ஓர் அன்பளிப்பைக் கேள்விப்பட்டதில்லை. சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை. தனத்தின் கையைப் பிடித்துக்கொண்டேன். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கல்யாணம் கட்டி மலைக்கு வந்த நாளிலிருந்து என்றாள்.

5. துரைக்கு ஒரு போத்தல்

நடந்ததை ஒன்றும் மறைக்காமல் டொக்டரிடம் சொன்னேன். இரண்டு பேரையும் ஆய்விலிருந்து எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது. அவர் பேனாவை மூடி வைத்தார். பன்னிரண்டாம் நம்பரின் நடுச் சாம்பிளை மட்டும் கணக்கில் சேர்க்க வேண்டாம், ஏன் சேர்க்கவில்லை என்பதை அப்படியே எழுதுவோம், ஆட்கள் இருக்கட்டும் என்றார். பிறகு எங்கள் கேள்விப் படிவத்தை எடுத்துப் புரட்டினார்.

“பழத்தைக் கேட்டோம், சோறு கேட்டோம், மருந்து கேட்டோம். தண்ணி எவ்வளவு குடிப்பீங்கன்னு நான் கேக்கவே இல்லையே அக்கா” என்றார்.

படிவத்தில் இரண்டு கேள்வி சேர்த்தோம். வேலை நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிப்பீர்கள்? அவசரம் வந்தால் எங்கே போவீர்கள்? இருபத்து நான்கு பேரும் ஒரே பதில்தான் சொன்னார்கள். தனத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் காட்டினோம். பெரிய நோய் ஒன்றும் இல்லை, தண்ணீரும் நேரமும்தான் மருந்து என்றார்கள்.

டொக்டர் அந்தப் பதில்களை ஒரு கடிதமாக்கி, தோட்டத்துத் துரையிடம் கொண்டுபோனார். துரை என்பது மனேஜரை அழைக்கும் பழைய பெயர். முப்பத்தைந்து வயது சிங்கள இளைஞர், எங்களைப் போலவே தமிழ் பேசுவார். நானும் பாக்கியமும் கூட நின்றோம். அவர் கெட்டவர் இல்லை. கடிதத்தை வாசித்துவிட்டு, நியாயம்தான் என்றார். ஆனால் மலையில் கக்கூஸ் கட்டினால் தண்ணீருக்கு எங்கே போவது, சுத்தமாக வைப்பது யார், பிறகு பார்க்கலாம் என்று இழுத்தார்.

பாக்கியம் மேசைமேல் ஒரு தண்ணீர்ப் போத்தலை வைத்தார். என் போத்தல்தான். எப்போது எடுத்தார் என்று தெரியாது.

“ஐயா, நாளைக்கு இதைக் குடிச்சிட்டு எங்களோட மலைக்கு வாங்க. சாயந்தரம் வரைக்கும் இருங்க. அப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கிறோம்.”

துரை போத்தலைப் பார்த்தார், பாக்கியத்தைப் பார்த்தார். காது சிவந்துபோனது. பிறகு சிரித்துவிட்டார். மலைக்கு வந்தார் என்று சொல்ல மாட்டேன், வரவில்லை. ஆனால் அடுத்த வாரம் மேஸ்திரி ஒருவர் நாடாவோடு வந்து, இரண்டு மலை சந்திக்கும் இடத்தில் ஊற்றுக்குப் பக்கமாக அளந்துகொண்டிருந்தார். சுத்தம் செய்யும் முறையைப் பெண்களே தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். கட்டி முடிய நான்கு மாதம் எடுத்தது. இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணீர்த் தொட்டி, கை கழுவ ஒரு குழாய்.

6. மடுவத்தில் கடைசிக் கூட்டம்

அதற்குள் பழம் கொடுக்கும் காலம் முடிந்து, கடைசிச் சாம்பிளும் எடுத்தாகிவிட்டது. முடிவு தெரிந்தால் எங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று பாக்கியம் முதல் நாளே சொல்லியிருந்தார். ஆகவே மறுபடியும் கொழுந்து மடுவத்தில் கூடினோம்.

டொக்டர் கரும்பலகையில் ஒரு குடல் வரைந்தார். பழத்தின் சிவப்புப் பொருளை உடைக்கத் தெரிந்த பக்டீரியா சிலரிடம் இருக்கின்றன, சிலரிடம் இல்லை, ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியாது என்றார். ஒரே பழத்தைத்தான் எல்லோரும் சாப்பிட்டீர்கள், ஆனால் உள்ளே நடந்த வேலை ஆளுக்கு ஆள் வேறு என்றார். பாக்கியத்திடம் அந்தக் கூட்டம் இருந்தது. தனத்திடம் இல்லை.

“அப்ப என் வயித்துல இருக்கிறதுங்களுக்கு வேலை தெரியும். உன்னோடதுங்க பேர் மட்டும் போட்டுட்டு சும்மா நிக்குதுங்க” என்று பாக்கியம் தனத்தைச் சீண்டினார். தனம் விடவில்லை. சும்மா நிற்கிறவர்களுக்கும் இங்கே அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், உண்டு என்றாள். அவள் அத்தனை பேர் முன்னால் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சீனி வருத்தத்துக்கு மாத்திரை குடிக்கும் ஒரு பெண் எழுந்து, இனி பழம் சாப்பிட்டால் மாத்திரையை விட்டுவிடலாமா என்று கேட்டார். டொக்டர் உடனே, கூடாது என்றார். பழம் நல்லது, நெல்லியும் நாவலும் உங்கள் பக்கத்திலேயே கிடைக்கின்றன, சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரையை அதைக் கொடுத்த டொக்டரைக் கேட்காமல் விடக் கூடாது, நோய் குணமாகும் என்று சொல்லும் அளவுக்கு எங்களிடம் விடை இல்லை என்றார். இவ்வளவு பழம் கொடுத்துவிட்டு விடை இல்லை என்கிறாரே என்று அவர்கள் ஏமாந்துபோவார்கள் என நினைத்தேன். மாறாக, நேராகச் சொன்னதற்குக் கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் மலை ஏறினோம். புதுக் கக்கூஸ் திறப்பு விழா. வாசலில் கோலம் போட்டு, மாவிலை கட்டி, தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தினார்கள். முதலில் உள்ளே போகும் மரியாதை யாருக்கு என்ற பேச்சு வந்தபோது பாக்கியம் தனத்தின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். காலையிலிருந்தே தனம் போத்தல் போத்தலாகத் தண்ணீர் குடித்து வைத்திருந்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே துரை, டொக்டர், கங்காணி, இருபத்து மூன்று பெண்கள், நான். எல்லோரும் கதவைப் பார்த்து நின்றோம். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டதும் பெண்கள் குலவை போட்டார்கள். தனம் வெளியே வந்து, குழாயில் கை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். துரையும் கை தட்டினார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். இரண்டு சாம்பிள் ஒரே மாதிரி வந்தால் முதலில் உங்கள் கையைச் சோதியுங்கள். கை சரியாக இருந்தால் கோபப்படாதீர்கள். சாம்பிள் கொடுத்தவரோடு ஒரு நாள் முழுக்க இருங்கள், அவர் குடிக்கும் அளவு தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டு. மைக்ரோஸ்கோப்பில் தெரியாத பாதி நோய் அப்போது தெரியும்.